நல்ல மனம் மட்டும் போதுமா?

புனே நகரம் மராட்டிய மாநிலத்தில் இருக்கிறது. நம் மக்கள் அதைப் 'பூனா' என்று சொல்லிப் பழகியவர்கள். அந்த நகரத்தில் கிர்கி என்று ஒரு பகுதி உண்டு. ராணுவக் குடியிருப்பும் வெடிமருந்துத் தொழிற்சாலையும் உள்ள இடம் அது. தமிழ்க் குடும்பங்கள் அங்கே நெடுங்காலமாக வாழ்கின்றன.

கிர்கியில் இட்லிக் கடை நடத்தும் ஒரு தாயை நினைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை நான்கு மணிக்கு எழுவார். ஏழு மணிக்குள் இட்லி, சட்னி, சாம்பார் தயார். பத்து மணிக்குப் பாத்திரம் காலி. சிறு வயதில் அவர் பள்ளிக்குப் போகவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான் படிக்கத் தொடங்கினார். அதே தெருவில் ஒரு தமிழ்ப் பெண் மாலை வகுப்பு நடத்தினார். அந்த வகுப்பில் கற்ற எழுத்துதான். இன்று அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். கடைக் கணக்கும் எழுதத் தெரியும்.

அவருக்கு ஒரே மகள். வயது 12. ஏழாம் வகுப்பில் படிக்கிறாள். பள்ளியில் சாரணியர் படையில் சேர்ந்திருக்கிறாள். நீல உடுப்பும் கழுத்தில் துணிப்பட்டையும் அணிந்து அவள் போகும்போது தாய்க்குப் பெருமையாக இருக்கும்.

கடிதம் வந்தது

ஒரு நாள் மாலை மகள் ஒரு கடிதத்தோடு வந்தாள்.

"அம்மா, சிங்ககட் மலை அடிவாரத்தில் முகாம் போடுகிறார்கள். இரண்டு இரவு தங்க வேண்டும். நீ கையெழுத்துப் போட்டால்தான் போக முடியும்."

கடிதம் மராட்டி மொழியில் இருந்தது. மகள் அதை வாசித்துத் தமிழில் சொன்னாள். தாய் கேட்டுக்கொண்டார். ஆனால் பேனாவைக் கையில் எடுக்கவில்லை.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா அங்கே இருந்தார். "வயதுக்கு வரப்போகிற பெண். இரண்டு ராத்திரி வெளியே விடுவாயா? யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்று கேட்டார்.

"எங்கள் டீச்சர் ரொம்ப நல்லவர், அம்மா" என்றாள் மகள்.

"நல்லவர்தான். நல்ல மனம் இருந்தால் போதுமா?" என்றார் பெரியம்மா.

அந்தக் கேள்வி தாயின் மனத்தில் தங்கிவிட்டது. அன்று இரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. 'வேண்டாம்' என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் மகளின் முகம் கண்ணில் நின்றது. மறுநாள் கடையை மூடியதும் அவர் நேராகப் பள்ளிக்குப் போனார்.

தாய் கேட்ட கேள்விகள்

சாரணியர் படையை நடத்துபவர் அந்தப் பள்ளியின் ஆசிரியை. இப்படிப்பட்டவரைச் சாரணியர் தலைவி என்று சொல்வார்கள். 'கைடு கேப்டன்' என்றும் அழைப்பார்கள். இந்த வேலைக்கு அவருக்குத் தனிச் சம்பளம் கிடையாது. தொண்டாகச் செய்கிறார்.

"வாங்க, தாயி" என்று அவர் வரவேற்றார். மராட்டியில் 'தாயி' என்றால் அக்கா என்று பொருள்.

"பாயி, நான் அதிகம் படிக்காதவள். கேட்கலாமா என்று தெரியவில்லை" என்று தாய் தயங்கினார். ஆசிரியையைப் 'பாயி' என்று அழைப்பது அங்கே வழக்கம்.

"உங்கள் பிள்ளையை என்னிடம் விடப்போகிறீர்கள். கேட்காமல் விட்டால்தான் தப்பு. கேளுங்கள்."

"பிள்ளைகளைக் காட்டுப் பக்கம் அழைத்துப் போகிறீர்கள். அவர்களே சமைக்கிறார்களாம். தீக்காயம் பட்டால்? பாம்பு வந்தால்? இரவில் ஒரு பிள்ளை பயந்து அழுதால்? இதையெல்லாம் உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?"

ஆசிரியை சிரித்தார். "இதே கேள்வியை நானும் ஒரு காலத்தில் கேட்டேன், தாயி. முதலில் எனக்கு ஒன்றும் தெரியாது. பிள்ளைகள் மேல் பிரியம் மட்டும் இருந்தது. கூடாரம் கட்டச் சொன்னால் நானே கட்டிவிடுவேன். முடிச்சுப் போடத் தெரியாமல் ஒரு பிள்ளை விழித்தால் நானே போட்டுவிடுவேன். மாலையில் எனக்குக் களைப்பு. பிள்ளைகளோ ஒன்றும் கற்றிருக்க மாட்டார்கள். பிறகுதான் பயிற்சிக்குப் போனேன்."

"டீச்சருக்கே பயிற்சியா?"

"ஆமாம். அடுத்தவர் பிள்ளைக்குப் பொறுப்பு ஏற்பவர்கள் முதலில் மாணவராக வேண்டும்."

இயக்கம் பிறந்த கதை

சாரணர் இயக்கத்தைத் தொடங்கியவர் பேடன் பவல். இங்கிலாந்து நாட்டு ராணுவ அதிகாரி. 1907ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அவர் 20 சிறுவர்களோடு பிரௌன்சீ என்ற தீவில் முகாம் போட்டார். பணக்கார வீட்டுப் பிள்ளைகளும் ஏழை வீட்டுப் பிள்ளைகளும் ஒன்றாகத் தங்கினார்கள். சிறு சிறு அணிகளாகப் பிரிந்து வேலை செய்தார்கள். ஒவ்வோர் அணிக்கும் ஒரு சிறுவனே தலைவன்.

அடுத்த ஆண்டு, 1908இல், பேடன் பவல் சிறுவர்களுக்காக ஒரு நூல் எழுதினார். அதைப் படித்த சிறுவர்கள் பல ஊர்களில் தாங்களே அணிகளை அமைத்துக்கொண்டார்கள். 1909இல் லண்டனில் சாரணர்களின் பெரிய கூட்டம் ஒன்று நடந்தது. சில சிறுமிகளும் அழைப்பு இல்லாமலே அங்கு வந்து நின்றார்கள். தங்களுக்கும் இடம் வேண்டும் என்றார்கள். 1910இல் பெண்களுக்கான சாரணியர் இயக்கம் பிறந்தது. பேடன் பவலின் தங்கை ஆக்னஸ் அதை நடத்தினார்.

இப்படி, பிள்ளைகள் முதலில் வந்துவிட்டார்கள். வழிகாட்டப் பெரியவர்கள் வேண்டும். வந்த பெரியவர்களுக்கோ வழி தெரியவில்லை. சிலர் ராணுவம் போல வரிசையில் நிறுத்தி அதட்டினார்கள். சிலர் வகுப்பறை போலப் பாடம் நடத்தினார்கள்.

ஆகவே 1919ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் பெரியவர்களுக்கென்று ஒரு பயிற்சி முகாம் தொடங்கியது. லண்டனுக்கு அருகில் கில்வெல் பூங்கா என்ற இடத்தில் அது நடந்தது. அங்கே பேடன் பவல் ஒரு புதுமை செய்தார். பெரியவர்களை நாற்காலியில் உட்கார வைக்கவில்லை. சிறுவர்களைப் போலவே அவர்களையும் அணிகளாகப் பிரித்தார். கூடாரத்தில் தங்க வைத்தார். பிள்ளைகள் செய்யும் வேலைகளை அவர்களே செய்து பழகினார்கள்.

பயிற்சி முடித்தவர்களுக்கு இரண்டு சிறிய மரமணிகள் கோத்த கயிறு கொடுத்தார்கள். பேடன் பவல் தென் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த மணிமாலையின் மணிகள் அவை. 'வுட்பேட்ஜ்' என்று அதற்குப் பெயர். மரத்தாலான சின்னம் என்று பொருள். இன்றும் உலகம் முழுவதும் அந்தப் பழக்கம் தொடர்கிறது.

நம் நாட்டில்

இந்தியாவில் 1909இல் பெங்களூரில் சாரணர் படை தொடங்கியது. அது வெள்ளையர் பிள்ளைகளுக்கும் ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கும் மட்டுமே. இந்தியச் சிறுவர்களுக்கு அங்கே இடம் இல்லை. நம் தலைவர்கள் சும்மா இருக்கவில்லை. சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையார் இந்தியச் சிறுவர்களுக்காகத் தனிச் சங்கம் கண்டார். வடநாட்டிலும் அப்படிப்பட்ட சங்கங்கள் தோன்றின.

சுதந்திரத்துக்குப் பிறகு பல சங்கங்களும் ஒன்றாயின. 1950ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் பாரத சாரணர் இயக்கம் உருவானது. 1951 ஆகஸ்டு 15ஆம் நாள் சாரணியர் சங்கமும் அதில் இணைந்தது. இன்று அது பாரத சாரண சாரணியர் இயக்கம் என்று வழங்குகிறது. இதில் சாதி, மத வேறுபாடு கிடையாது.

இந்த இயக்கத்தில் பெரியவர்களுக்குப் படிப்படியாகப் பயிற்சி உண்டு. முதலில் அடிப்படைப் பயிற்சி. பிறகு பிள்ளைகளோடு சில மாதங்கள் வேலை செய்ய வேண்டும். அதன் பிறகு மேல்நிலைப் பயிற்சி. கடைசியாக 'இமாலய வுட்பேட்ஜ்'. மத்தியப் பிரதேசத்தில் சாத்பூரா மலையில் பச்மடி என்ற ஊர் இருக்கிறது. இயக்கத்தின் தேசியப் பயிற்சி மையம் அங்கேதான் உள்ளது.

பயிற்சியில் என்ன கற்கிறார்கள்?

"நாங்கள் எட்டுப் பெண்கள் ஓர் அணி" என்று ஆசிரியை சொன்னார். "எனக்கு அப்போது வயது 41. மூட்டுவலி வேறு. ஆனாலும் காலையில் கொடியேற்றத்துக்கு ஓட வேண்டும். கூடாரம் கட்ட வேண்டும். விறகு அடுப்பில் சமைக்க வேண்டும். முதல் நாள் சோறு குழைந்துவிட்டது. பயிற்சியாளர் பக்கத்திலேயே நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குக் கோபம் வந்தது. இரவு அவர் கேட்டார்: 'நான் கரண்டியை வாங்கியிருந்தால் நாளைக்கு உங்களுக்குச் சமைக்கத் தெரிந்திருக்குமா?' அப்போதுதான் எனக்குப் புரிந்தது."

அந்தப் பயிற்சியில் அவர் கற்றவற்றில் சில இவை.

ஒன்று, கையைக் கட்டிக்கொண்டு நிற்பது. பிள்ளை செய்யும்வரை பொறுத்திருக்க வேண்டும். ஆனால் கண்ணை மூடக் கூடாது. ஆபத்து என்றால் உடனே தடுக்க வேண்டும். எது தவறு, எது ஆபத்து என்று பிரித்து அறிய வேண்டும். சோறு குழைந்தால் அது தவறு. தாவணி அடுப்புப் பக்கம் தொங்கினால் அது ஆபத்து.

இரண்டு, அணி முறை. ஆறு முதல் எட்டுப் பிள்ளைகள் ஓர் அணி. அவர்களுக்குள் ஒருத்தி தலைவி. கூச்சப்படும் பிள்ளைக்கும் ஒரு பொறுப்பு கொடுக்க வேண்டும். கெட்டிக்காரப் பிள்ளையே எல்லாவற்றையும் செய்ய விடக்கூடாது.

மூன்று, முதலுதவி. தீக்காயம் பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். பற்பசை, மை, நெய் எதுவும் தடவக் கூடாது. பாம்பு கடித்தால் கடித்த இடத்தைக் கீறக் கூடாது. வாய் வைத்து உறிஞ்சக் கூடாது. இறுக்கிக் கட்டவும் கூடாது. கடிபட்டவரை அசையாமல் படுக்க வைக்க வேண்டும். தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

நான்கு, முன் ஏற்பாடு. முகாம் இடத்தை முன்னதாகவே போய்ப் பார்க்க வேண்டும். தண்ணீர் நல்லதா? கழிப்பறை உண்டா? பக்கத்தில் ஆஸ்பத்திரி எங்கே? எந்தப் பிள்ளைக்கு மூச்சிரைப்பு? யாருக்கு என்ன மருந்து? எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். சாரணர்களுக்கு ஒரு கொள்கை உண்டு. 'தயாராக இரு' என்பதே அது. பிள்ளைகளுக்குச் சொல்வதற்கு முன் பெரியவர்கள் அதன்படி நடக்க வேண்டும்.

பிள்ளையின் பாதுகாப்பு

தாய் இன்னும் ஒன்று கேட்க நினைத்தார். வாய் வரவில்லை. ஆசிரியைக்குப் புரிந்தது.

"தாயி, நீங்கள் கேட்கத் தயங்குவதை நானே சொல்கிறேன். பெண் பிள்ளைகளின் முகாமில் பெண் தலைவிகள்தான் உடன் தங்குவார்கள். ஒருவர் மட்டும் அல்ல, குறைந்தது இரண்டு பேர். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக அறையிலோ கூடாரத்திலோ இருக்கக் கூடாது. நானும் இருக்கக் கூடாது. பிள்ளைகள் உடை மாற்றும் இடத்துக்குள் போகக் கூடாது. அடிக்கக் கூடாது. அவமானப்படுத்தக் கூடாது. 'இதை வீட்டில் சொல்லாதே' என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்லக் கூடாது."

"நீங்கள் நல்லவர்தானே, பாயி. உங்களுக்கும் இந்த விதியா?"

"எனக்கும்தான். நல்லவருக்கு ஒரு விதி, கெட்டவருக்கு ஒரு விதி என்று வைத்தால், யார் நல்லவர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விதி எல்லோருக்கும் ஒன்றாக இருந்தால்தான் பிள்ளைக்குக் காவல்."

நம் நாட்டில் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டம் வந்தது. 18 வயதுக்குக் குறைந்த ஆண், பெண் பிள்ளைகள் எல்லோரையும் பாலியல் கொடுமையிலிருந்து காக்கும் சட்டம் இது. கொடுமை நடந்தது என்று தெரிந்தும் புகார் செய்யாமல் மறைப்பதும் இந்தச் சட்டப்படி குற்றம். பிள்ளைகளின் உதவிக்கு 1098 என்ற தொலைபேசி எண் உண்டு. பகலிலும் இரவிலும் பேசலாம். கட்டணம் இல்லை.

புனேயில் ஒரு சங்கம்

ஆசிரியை மற்றொரு செய்தியும் சொன்னார். புனே நகரிலேயே சாரணியரின் உலக மையம் ஒன்று இருக்கிறது. ஞானேசுவரர் சமாதி உள்ள ஆளந்திக்குப் போகும் சாலையில் அது அமைந்துள்ளது. அதன் பெயர் 'சங்கம்'. 1966ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் திறக்கப்பட்டது. 

இதற்கு முன் சுவிட்சர்லாந்தில் 1932இலும், மெக்சிகோ நாட்டில் 1957இலும் இத்தகைய மையங்கள் திறக்கப்பட்டன. ஆசியாவில் அமைந்த மையம் புனேயில் உள்ள சங்கம்.

பல நாட்டுச் சாரணியர்களும் தலைவிகளும் இங்கே வருகிறார்கள். ஒன்றாகத் தங்குகிறார்கள். ஒருவர் நாட்டுப் பழக்கத்தை மற்றவர் அறிகிறார்கள். தலைமைப் பயிற்சி பெறுகிறார்கள். புனேயில் உள்ள தொண்டு நிறுவனங்களோடு சேர்ந்தும் வேலை செய்கிறார்கள்.

'சங்கம்' என்றால் ஒன்று கூடுதல். தமிழருக்கு அந்தச் சொல் புதிது அல்ல. புனேக்காரர்களுக்கும் புதிது அல்ல. முளா, முட்டா என்ற இரண்டு ஆறுகள் புனேயில் கூடுகின்றன. அந்த இடத்தையும் 'சங்கம்' என்றே சொல்கிறார்கள்.

முதலில் கற்றவர் சாவித்திரிபாய்

பயிற்சியின் அருமையைப் புனே நகரம் நெடுநாள் முன்பே கண்டது. 1848ஆம் ஆண்டு சாவித்திரிபாய் பூலேயும் அவர் கணவர் ஜோதிராவ் பூலேயும் அங்கே பெண்களுக்குப் பள்ளி திறந்தார்கள். சாவித்திரிபாய்க்கு அப்போது வயது 17. திருமணம் ஆனபோது அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கணவரிடம் கற்றார். ஆசிரியர் பயிற்சியும் பெற்றார். அவர் பள்ளிக்குப் போகும் வழியில் சிலர் சேற்றையும் சாணத்தையும் வீசினார்கள். அதற்காக அவர் மாற்றுச் சேலை ஒன்றைக் கையோடு கொண்டுபோவார் என்று சொல்வார்கள்.

அவருக்கு நல்ல மனம் இருந்தது. துணிச்சல் இருந்தது. அத்தோடு அவர் கற்றும் கொண்டார்.

தாய் எடுத்த முடிவு

தாய் வீடு திரும்பினார். வழியில் தன் மாலை வகுப்பு நினைவுக்கு வந்தது. முதல் நாள் 'அ' எழுத வரவில்லை. வகுப்பு நடத்திய பெண் அவர் கையைப் பிடித்து எழுத வைத்தார். ஒரு வாரம் கழித்து, "இனி நீங்களே எழுதுங்கள், அக்கா" என்று கையை விட்டார். அன்று எழுத்து கோணல் மாணலாக வந்தது. ஆனால் அது அவரே எழுதிய எழுத்து. அந்தப் பெண்ணும் தொண்டர்தான். அவரும் பாடம் நடத்தும் முன் பயிற்சிக்குப் போய் வந்தவர்தான்.

தாய் கடிதத்தை எடுத்தார். தமிழில் கையெழுத்துப் போட்டார்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். "நீங்கள் கேட்ட கேள்வி நல்ல கேள்வி, பெரியம்மா. அதனால்தான் நான் போய்க் கேட்டேன்."

கதை அத்தோடு முடியவில்லை. முகாமில் உதவி செய்ய ஒரு தாய் தேவை என்று ஆசிரியை கேட்டார். "நான் வருகிறேன்" என்றார் இட்லிக் கடைத் தாய். முகாமுக்கு முன்பு அவருக்கும் ஒரு நாள் பயிற்சி நடந்தது. முதலுதவிப் பெட்டியில் எது எங்கே இருக்கிறது என்று கற்றார். பாதுகாப்பு விதிகளைக் கேட்டுத் தன் நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டார்.

முகாமில் முதல் நாள் மகளின் அணி கிச்சடி சமைத்தது. தண்ணீர் அதிகமாகிவிட்டது. தாயின் கை பரபரத்தது. ஆயிரம் பேருக்குச் சமைத்த கை அது. கரண்டியை வாங்கினால் ஒரு நொடியில் சரி செய்துவிடலாம். அவர் நோட்டைப் பார்த்தார். 'கையைக் கட்டு, கண்ணைத் திற' என்று எழுதியிருந்தார். கையைக் கட்டிக்கொண்டார். பிள்ளைகளின் துணி அடுப்பில் படாமல் பார்த்துக்கொண்டார்.

கிச்சடி கஞ்சியாக வந்தது. எல்லோரும் சிரித்துக்கொண்டே குடித்தார்கள்.

மறுநாள் மகள் தண்ணீரை அளந்து ஊற்றினாள்.

நினைவில் வையுங்கள்

உங்கள் பிள்ளையை முகாமுக்கோ சுற்றுலாவுக்கோ அனுப்பும் முன் இவற்றைக் கேளுங்கள்:
1. உடன் வரும் பெரியவர்கள் யார்? எத்தனை பேர்?
2. அவர்கள் பயிற்சி பெற்றவர்களா?
3. பிள்ளைகள் எங்கே தூங்குவார்கள்? குளியல், கழிப்பறை வசதி எப்படி?
4. முதலுதவி தெரிந்தவர் இருக்கிறாரா? அருகில் ஆஸ்பத்திரி எது?
5. பிள்ளையோடு பேச எந்த எண்ணை அழைக்க வேண்டும்?

கேட்பது உங்கள் உரிமை. பதில் சொல்வது அவர்கள் கடமை.

பேசிப் பாருங்கள்

1. தாய் ஏன் உடனே கையெழுத்துப் போடவில்லை?
2. தவறு, ஆபத்து இரண்டுக்கும் என்ன வேறுபாடு? உங்கள் வீட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுச் சொல்லுங்கள்.
3. பாதுகாப்பு விதி நல்லவருக்கும் ஏன் வேண்டும்?
4. உங்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்த தொண்டர் யார்? அவரிடம் உங்களுக்குப் பிடித்த குணம் எது?
5. உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நீங்கள் எந்த வேலையைக் கற்றுக் கொடுக்கலாம்? அதற்கு முன் நீங்கள் எதைக் கற்க வேண்டும்?

எழுதிப் பாருங்கள்

முகாமுக்குப் போகும் மகளுக்கோ மகனுக்கோ ஐந்து வரியில் ஒரு கடிதம் எழுதுங்கள்.